மாமியை எதிர்த்து நின்ற தேர்தல்

எங்கள் வார்டு அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நான் வேட்பாளர் ஆனதற்கு அது ஒன்றுதான் காரணம். ஆரியசாலையில் என் வீட்டுக்காரருக்கு மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். கட்சிக்காரர்கள் ஒருநாள் காலையில் கடைக்கு வந்து, மூட்டைகள் மேல் உட்கார்ந்தபடியே பேசி முடித்துவிட்டார்கள். மத்தியானம் சாப்பிட வந்தவர் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு ஒன்ன நிறுத்தப் போறாங்களாம்.”

“என்னையா? எதுக்கு?”

“நம்ம ஆளுக ஓட்டு கெடக்குல்லா. தமிழ் பேசற பொம்பள வேணுமாம்.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சரி என்று ஏற்கெனவே சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தவள். மலையாளம் எனக்குக் காய்கறிக்காரியிடமும் பஸ் கண்டக்டரிடமும் காதால் வந்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். கட்சி நோட்டீஸில் என் படத்துக்குக் கீழே ‘சமூக சேவகி’ என்று அச்சடித்திருந்தார்கள். நான் யாருக்கு என்ன சேவை செய்தேன் என்று எங்கள் பகுதிச் செயலாளரிடம் கேட்டேன். “அது எல்லாருக்கும் போடறதாக்கும் சேச்சி” என்றார் அவர்.

மறு வாரம் எதிர்க்கட்சி தன் வேட்பாளரை அறிவித்தது. எங்கள் தெரு முனையில் குடியிருந்த மாமி.

வார்டில் எல்லாருக்கும் அவர் மாமிதான். சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வாழ்க்கைப்பட்டவர். சாக்கடையைப் பார்த்துவிட்டு வரும் மருமகளைக் கொல்லைப்புறத்தில் குளித்த பிறகுதான் அந்த வீட்டில் உள்ளே விட்டார்களாம். அதனாலேயே அவரும் கணவருமாக எங்கள் தெருவுக்குத் தனிக்குடித்தனம் வந்தார்கள். வித்துராவில் வேலை பார்த்த காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல் பரவியபோது, பொன்முடி ஏறும் வழியிலுள்ள எஸ்டேட் லயங்களுக்கு பஸ் கிடைக்காமல் நடந்தே போய், ஒவ்வொரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் திறந்து பார்த்தவர் என்று அவரோடு வேலை செய்த ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாமி தானாக அதைச் சொன்னதில்லை. அதற்காக அடக்கமானவர் என்று நினைக்க வேண்டாம். வாய் பெரிய வாய். தெருவில் குப்பையைப் போட்டவனை அவன் வாசலிலேயே நின்று பேசி அழவைத்திருக்கிறார்.

ஓட்டுக் கேட்டு என் வீட்டுக்கே வந்தார். கூட வந்த பெண்கள் தயங்கி வெளியில் நிற்க, இவர் நேராக உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

“காப்பி இருக்கோ?”

“இருக்கு மாமி. எங்கிட்டயே ஓட்டு கேக்க வந்தீங்களா?”

“பின்னே? நீயும் வோட்டர்தானே.” காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். “சரி, நீ ஜெயிச்சா என்ன பண்ணுவே?”

“தெரியல மாமி. சொல்லிக் குடுப்பாங்கன்னு நெனைக்கேன்.”

“ஒருத்தரும் சொல்லித் தரமாட்டா, கேட்டியா. குழாயில தண்ணி வரலேன்னா ஒன்னத்தான் திட்டுவா. ஆனா குழாய் வேற ஆபீஸ். லைட்டு எரியலேன்னாலும் நீதான். கரண்டு கம்பியோ இன்னொரு ஆபீஸ். எந்த ஆபீஸ்ல எவனைப் பிடிக்கணும்னு தெரிஞ்சாப் பாதி வேலை ஆயாச்சு. மீதிப் பாதிக்கு வெக்கத்தை விடணும்.”

“அதெல்லாம் உங்களுக்குத்தான் மாமி வரும்.”

“அப்போ எனக்கே போட்டுடு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கே போடுவது என்று அன்று முடிவெடுத்தேன். இதை என் வீட்டுக்காரருக்குக்கூட நான் சொல்லவில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுந்து, மிகவும் மரியாதையாக, “சேச்சியுடெ யோக்யத எந்தாணு?” என்று என்னைக் கேட்டார். மலையாளத்தில் அதற்குத் தகுதி என்றுதான் அர்த்தம். அது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் அந்த வார்த்தையைத் திட்டும்போதுதான் எடுப்பார்கள். ‘உனக்கு என்ன யோக்கியதை இருக்கு?’ என்று சபையில் வைத்துக் கேட்டதுபோல் முகம் சுட்டது. நோட்டீஸில் இருந்ததைத் திக்கித் திக்கி வாசித்தேன். சந்தைக்குப் பின்னால் ஓடும் தோடு, அதாவது ஓடை, மழைக்கு மழை காலனிக்குள் ஏறுகிறதே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. நடவடிக்கை எடுப்போம் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மாமி மைக்கை வாங்கினார். தோடு எந்த இடத்தில் குறுகுகிறது, சிறுபாலத்துக்கு அடியில் என்ன அடைத்திருக்கிறது, அதை மழைக்கு முன்னால் ஏன் எடுக்க வேண்டும், எடுத்த சேற்றைக் கரையிலேயே போட்டால் ஏன் பிரயோஜனமில்லை என்று மளமளவென்று சொன்னார். கடைசியாக, “நான் ஜெயிச்சாலும் இந்த மழைக்குத் தண்ணி ஏறத்தான் செய்யும். பொய் சொல்ல மாட்டேன்” என்று மலையாளத்தில் சொல்லி உட்கார்ந்தார். அவருடைய கட்சிக்காரர்களுக்கே அது பிடிக்கவில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

பிரசாரம் சூடுபிடித்த சமயத்தில் துலாமழை என்று இங்கே சொல்லும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் தோடு நிரம்பிக் காலனிக்குள் வந்தது. அங்கே பாதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்கள். நான் போனபோது முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர் நின்றது. மாமி எனக்கு முன்பே வந்திருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டில் மேல் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த பெண்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார். தண்ணீரில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாத்திரையைத் திணித்தார். எலிப்பனி என்று இங்கே சொல்லும் எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் புண் வழியாக உள்ளே போனால் போதும், ஆளைக் கொண்டுபோய்விடும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே நடந்தார்.

என் கையிலும் ஒன்றை வைத்தார். “வெறும் வயத்துல போடாதே. ஆத்துல போய்ச் சாப்டுட்டுப் போட்டுக்கோ.”

அவர் வெறுங்காலோடு இருந்தார். குதிகால் இரண்டிலும் பாளம் பாளமாக வெடிப்பு.

“மாமி, செருப்பு?”

“அந்தச் சேத்துல எங்கேயோ போச்சு.”

“நீங்க மாத்திரை போட்டீங்களா?”

“எனக்கு அது வயத்தைப் பொரட்டும். நாளைக்குப் பூரா ஸ்குவாடோட வீடு வீடா ஓட்டுக் கேட்டு நடக்கணும். பாத்துக்கலாம், நீ போ.”

வயிற்றைப் புரட்டும் என்று எத்தனை பேர் அவரிடம் சாக்குச் சொல்லியிருப்பார்கள்! அவர்களையெல்லாம் அவர் விட்டிருக்கமாட்டார். அவரை அதட்டிப் போடவைக்க அங்கே யாரும் இல்லை. நான் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு என் மாத்திரையை விழுங்கினேன்.

அடுத்த வாரம் முழுவதும் நாங்கள் வெவ்வேறு தெருக்களில் வீடு வீடாக நடந்தோம். ஒருநாள் கோயில் பக்கத்துத் திருப்பத்தில் எதிரெதிராக வந்தோம். மாமி ஒரு கடைப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

“ஆடுசதை ரெண்டும் பிச்சுண்டு வலிக்கறது. இத்தனை நடந்தா வலிக்காதோ.”

“காய்ச்சல் இருக்கா மாமி?”

“ராத்திரி லேசா இருந்தது. ஓட்டு எண்ணி முடியட்டும், ஒரு மாசம் தூங்கறேன்.”

எனக்கும் ஆடுசதை வலித்தது. எங்கள் கூட வந்த எல்லாப் பெண்களுக்கும் வலித்தது. அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆடுசதை வலியும் கண் சிவப்பும்தான் அந்தக் காய்ச்சலின் முதல் அடையாளம் என்று மாமி வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சொல்லி வந்தவர். தன் உடம்பில் வந்தபோது அதைத் தேர்தல் அலைச்சல் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண் மஞ்சளாகிவிட்டது, மூத்திரம் போகவில்லை என்றார்கள். நான் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். இப்போது போனால் ஓட்டுக்காக வந்ததாகப் பேசுவார்கள் என்று செயலாளர் தடுத்தார். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே மாமியின் கணவர் மடியில் ஒரு ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

“உள்ளே விடமாட்டேங்கறா” என்றார். “அவளுக்குக் காப்பி இல்லாம முடியாது.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

வாக்குப்பதிவுக்கு முன்பே மாமி போய்விட்டார்.

செய்தி வந்தபோது எங்கள் கட்சி ஆபீஸில் இருந்தேன். கொஞ்ச நேரம் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பிறகு ஒருவர், “அப்போ வார்டு எலெக்‌ஷன் தள்ளிப் போகுமில்லியா?” என்றார். “சிம்பதி வோட்டு அவங்களுக்குப் போகும், பிரஸ்ஸில் என்ன சொல்லணும்னு யோசிக்கணும்” என்றார் இன்னொருவர். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அது அடுத்த வேலை. என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மாமியின் வீட்டில் அவர் மகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள். என்னைக் கண்டதும் வாசலிலேயே நிறுத்தினாள்.

“நீங்கதானே அம்மாக்கு எதிரா நின்னது? ரிட்டயர் ஆனவளை எல்லாருமாச் சேந்து தெருத்தெருவா நடக்க வெச்சுட்டேள். உங்க கட்சியும் சரி, அவா கட்சியும் சரி. இப்போ என்னத்துக்கு வந்தேள்?”

செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றேன். உள்ளே போகும்படி அவள் சொல்லவில்லை; திரும்பிப் போகும்படியும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒதுங்கி வழிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் முதல் தடவையாகக் கோபப்பட்டார்.

“நீ வெலகினா மாமி திரும்பி வந்துருவாளா? கட்சிக்காரங்களப் பகச்சுக்கிட்டு நாளைக்கு நான் அந்தத் தெருவுல கடை தொறக்கண்டாமா?”

தள்ளிவைத்த தேர்தலில் மாமியின் கட்சி அவருடைய பெரிய படத்தைப் போட்டு ஒரு இளம்பெண்ணை நிறுத்தியது. மாமியின் படத்துக்குக் கீழே அந்தப் பெண்ணின் முகம் சின்னதாக இருந்தது. அவளுக்கும் மாநகராட்சி வேலை எதுவும் தெரியாது. தெரியாத இரண்டு பேரில் தெரு தெரிந்தவள் என்று எனக்குப் போட்டார்கள் போலிருக்கிறது. கொஞ்ச ஓட்டில் ஜெயித்தேன். வெடி போட்டார்கள். மாலையைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எந்த ஆபீஸில் யாரைப் பிடிப்பது என்று மெல்லப் படித்தேன். கோப்புகளை எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். சிறுபாலத்து அடைப்பை எடுக்கச் சொல்லிப் போய் நின்றேன், எடுத்தார்கள், சேற்றைக் கரையிலேயே போட்டார்கள். அள்ள லாரி வருவதற்குள் மழை வந்து அது திரும்பத் தோட்டுக்குள்ளேயே போனது.

அந்த மழைக்காலத்தில் காலனியில் ஒருவர் அதே காய்ச்சலில் இறந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கம்பி கட்டும் வேலைக்கு வந்தவர், கல்யாணமாகாதவர். கூடத் தங்கியிருந்தவர்கள் அழுதுகொண்டு நின்றார்களே தவிர, ஊருக்குப் போன் பண்ண ஒருவருக்கும் தைரியமில்லை. நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அவருடைய அம்மா எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தது, முடியாமல் போனது எல்லாவற்றையும் எங்கள் ஊர்த் தமிழில் சொன்னேன்.

அந்த அம்மா கேட்டார். “நீங்க யாரும்மா பேசறது?”

“நான் இந்த வார்டு கவுன்சிலர்மா.”

“அப்படின்னா என்னதும்மா?”

“இங்கதான் பக்கத்துல இருக்கேன்” என்றேன். “ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சும்மா. நானும் கூட வாரேன்.”