கழற்றாத பெல்ட்

ஆதிலட்சுமி நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொல்லி விற்றதில்லை. முத்தியால்பேட்டையில் தெருத்தெருவாகக் கூடை சுமப்பவள் அப்படி இருந்தால் பிழைக்க முடியுமா என்றால், பிழைத்தாள். நாங்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமலே வாங்குவோம்.

உடலுழைப்பு ஆராய்ச்சிக்காகக் கவிநிலா என்ற பெண் வந்தபோதும் அதே சொல் சுத்தம்தான். இடுப்பில் கட்டும் பெல்ட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. ஆள் நடப்பதையும் உட்காருவதையும் அது பதிந்துகொள்ளும்.

“குளிக்கிறப்ப மட்டும் கழட்டுங்கக்கா. அடுத்த வாரம் நானே வந்து வாங்கிக்கறேன்.”

“நீ வந்து கேக்குற வரைக்கும் இருக்கும், போ” என்று சுருக்குப்பைக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த அவள் கணவர் காத்தவராயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

கவிநிலா சொன்னபடி வந்தாள். வாசலில் பந்தலைப் பார்த்துவிட்டு, பெல்ட்டைக் கேட்க வாய் வராமல் திரும்பிவிட்டாள்.

காரியம் முடியும்வரை பெண்டாட்டி மூலையில்தான் இருக்க வேண்டும். ஆதிலட்சுமி இருந்தாள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், இவள் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று உறவுக்காரி ஒருத்தி காதுபடவே சொன்னாள். அந்த வாயில் ஒரு கானாங்கெளுத்தி மீனை வைத்து அடைக்கலாமா என்று எனக்கு வந்தது. இவளுக்கு அதுகூட உறைக்கவில்லை. சோறு வைத்தால் பார்ப்பாள். எடுத்தாலும் பார்ப்பாள்.

காரியத்தன்று வளையலை உடைத்தார்கள். பூவையும் பொட்டையும் எடுத்தார்கள். தாலியை அறுத்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முன் அவளாகவே பெல்ட்டை அவிழ்த்து ஓரமாக வைத்தாள். ஈரம் துடைத்ததும் மறுபடி கட்டிக்கொண்டாள். அத்தனை நாளில் தானாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

பிறகு கவிநிலா வந்து கருவியை லேப்டாப்பில் மாட்டினாள். முதல் நாள் மேலும் கீழுமாகக் கோடுகள். அதற்கப்புறம் பெரும்பாலும் வெறும் தட்டை.

“கட்டாம எடுத்து வச்சிட்டீங்களாக்கா? பரவால்ல, உங்க நெலம அப்படி.”

ஆதிலட்சுமி நிமிர்ந்தாள். “குளிச்சப்ப தவிர நான் கழட்டல.”

“இவ்ளோ நேரம் அசையாம இருந்தா, யாரும் கட்டலன்னுதான் மிஷின் எடுத்துக்கும்.”

“நான்தாம்மா அசையல. எம்மேல இருந்தது எல்லாத்தையும் அவங்க கழட்டுனாங்க. இத மட்டும் நான் கழட்டல. உங்கிட்ட சொன்னேன்ல?”

கவிநிலா லேப்டாப்பை மூடினாள். “நம்புறேன்க்கா.”

அப்போதுதான் ஆதிலட்சுமி அழுதாள்.