துடைப்ப நட்சத்திரம் சௌகிங்

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் எங்கள் ஷாம்ஷுய்போ வட்டாரத்தில் யுங்கின் தேநீர்க் கடை எங்கே என்றால் பஸ் ஓட்டுபவன்கூட வழி சொல்வான். பதினாறு மேசையும் நானே சம்பாதித்தவை. அங்கே கோப்பை கழுவ சௌகிங்கை வைத்துக்கொள்ள என்னைத் தவிர எவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

அவள் வேலை பார்த்த மூன்று கடைகள் அடுத்தடுத்து மூடின. ஒன்று தீயில், ஒன்று முதலாளியின் சூதாட்டத்தில், ஒன்று அண்ணன் தம்பி சண்டையில். பழி மட்டும் அவள் தலையில். வால்நட்சத்திரத்தை நாங்கள் துடைப்ப நட்சத்திரம் என்போம். அது வந்தால் குடி விளங்காது. அந்தப் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள்.

ஒரு குதிரைப் பந்தயச் சனிக்கிழமை. பந்தயம் கேட்க வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பன்றிக்கறிக் கடை துங்சிங் கத்தினான்.

"யுங் அண்ணே, இந்தத் தொடைப்பத்த இன்னையோட அனுப்பிடு. இல்லேன்னா நாங்க எல்லாரும் எதிர்க்கடைக்குப் போயிடுவோம்."

பின்னால் பன்னிரண்டு தலைகள் ஆடின. நான் யாருக்கும் பயந்தவனில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் என்றால் மூன்று மேசை. கல்லாப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

சௌகிங் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"உங்க குதிரை எத்தனாம் நம்பரு, கறிக்காரரே?"

"ஆறு. உன் காக்கா வாயால அதச் சொல்லித் தொலைக்காதே, நீ வாழ்த்தினா வெளங்காது!"

"நான் ஏன் சொல்றேன்? ஒண்ணாம் நம்பர் ஜெயிக்கணும்! ரெண்டு ஜெயிக்கணும்! மூணு..."

"அடிப்பாவி, ரெண்டு என்னுது! தூன்னு துப்பிட்டு மாத்திச் சொல்லு!" என்று ஒருவன் அலறினான்.

அவள் நிறுத்தவில்லை. நான்கு, ஐந்து, பிறகு ஆறை விட்டு ஏழு, எட்டு, ஒன்பது. அதற்குள் தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. "சௌகிங், அடுப்பு!" என்றேன். ஓடினாள்.

பத்தாம் நம்பர் ஜெயித்தது. ஆறு இரண்டாவதாக வந்தது.

துங்சிங் என் சட்டையைப் பிடித்தான். "எட்டுக் குதிரைய வாயாலயே படுக்க வெச்சா! பத்தச் சொல்ல வர்ற நேரத்துல அவளக் கூப்பிட்டியே, உனக்கு அறிவிருக்கா?"

அவளை அனுப்பச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பதினாறு மேசையும் நிறைந்தன. எல்லாம் என் தொழில் சாமர்த்தியம். துங்சிங் குதிரைப் பட்டியலோடு சமையலறை வாசலில் நின்றான்.

"சௌகிங் அக்கா, ஒண்ணு விடாம வாழ்த்திடுங்க. மூணு மட்டும் வேணாம்."

"கோப்பை கெடக்கு. கழுவிட்டு வர்றேன், நில்லு."

நின்றான்.