பதினேழாம் துண்டில் அஸ்பாரகஸ்

தெல்மா ஸ்டோபர்ட்டுக்கு அந்த வசந்தத்தில் நடக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம்தான். தன் தோட்டத் துண்டில் வெட்டிய அஸ்பாரகஸ் குருத்து ஒரு கைப்பிடியை வெண்ணெயில் புரட்டி, புருஷன் வில்ஃப்பின் தட்டில் வைக்க வேண்டும். இதெல்லாம் ஒரு காரியமா என்று கேட்பவர்கள் அஸ்பாரகஸ் போட்டதே இல்லை என்று அர்த்தம். வேர்க்கட்டையை நட்ட வருஷம் குருத்தைத் தொடக்கூடாது. அடுத்த வருஷமும் தொடக்கூடாது. பென்சில் பருமனில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும், வாயில் எச்சில் ஊறும், ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு அதைத் தழைக்க விட்டுவிட வேண்டும். மூன்றாம் வசந்தத்தில்தான் கத்தி வைக்கலாம்.

வில்ஃப் நட்டது இரண்டு வருஷத்துக்கு முந்தின மார்ச் மாதக் கடைசியில். நட்ட நாலாம் வாரம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் போயின, பேச்சும் பாதி போயிற்று. சக்கர நாற்காலி அந்தக் கரித்தூள் பாதையில் முழங்கால் ஆழம் புதையும். அதனால் அவர் நட்டதோடு சரி, பார்க்கவில்லை. தெல்மா வீட்டுக்குள் நுழைந்ததும் இடது கையைத் தூக்கி ஒரே கேள்விதான் கேட்பார்.

"வந்துச்சா?"

"யோவ், பிப்ரவரிய்யா இது. நான் என்ன மந்திரமா போட முடியும்?"

எங்கள் ஊர் டரம் கடற்கரைப் பக்கம். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள் நாற்பது இருக்கின்றன. அதில் பதினேழாவது ஸ்டோபர்ட் வீட்டுடையது. துண்டு கேட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியல் என் கைநீளம். அதனால் விதி கறார். முக்கால்வாசி நிலம் கொத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் துண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

தெல்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. முதியோர் இல்லத்தில் காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை வேலை. அங்கே பன்னிரண்டு பேரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டு வந்தால், வீட்டில் பதின்மூன்றாவது ஆள் உட்கார்ந்திருப்பார். அவரையும் தூக்கித் துடைத்து ஊட்டிவிட்டு, டிவியில் குதிரைப் பந்தயத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நாலு மணிக்கு அவள் துண்டுக்குப் போவாள். ஐந்தரைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

அதில் முதல் கால் மணி நேரம் அவள் ஒன்றும் செய்யமாட்டாள். கொட்டகைக் கதவைத் திறந்தால் தார் எண்ணெயும் காய்ந்த வெங்காயமும் கலந்த ஒரு வாசனை வரும். ஜன்னலோரம் முட்டை அட்டைகளில் விதை உருளைக்கிழங்குகள் முளைவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பூட்ஸுக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டு, பிளாஸ்க் டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பாள். ராபின் குருவி ஒன்று வாசல்படி வரை வந்து அதட்டும். "சும்மா இரு, உனக்கும் சேத்துக் கொத்துறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல" என்பாள். பழைய வாளியைக் கவிழ்த்து மூடி வைத்த ரூபார்ப் தண்டு ஒன்றை ஒடித்து, காகிதத்தில் கொண்டு வந்த சர்க்கரையில் தொட்டுக் கடிப்பாள். புளிப்பு உச்சந்தலை வரை ஏறும். இவ்வளவுதான் அவளுடைய சுகம். ஒருமுறை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போய், மடியெல்லாம் டீயாகி எழுந்தாள்.

மிச்ச நேரத்தில் அவள் செய்த வேலையைப் பார்த்து ஊரே சிரித்தது. சாப்பாட்டு மேசை முள்கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, கொல்லைக்கோடியில் இருந்த ஒரு மேட்டின் முன்னால் மண்டியிட்டு, புல்லின் வேரை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தாள். மீதித் துண்டு முழுக்க இடுப்புயரம் களை. அவளோ கட்டில் அகல மேடு ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

காரணம் அவளுக்கும் வில்ஃப்புக்கும் மட்டும்தான் தெரியும். அந்த மேட்டுக்கடியில்தான் அஸ்பாரகஸ். எங்கள் பக்கத்து வேர்ப்புல் அருகம்புல்லின் பங்காளி. மண்வெட்டியைப் போட்டால் கீழே இருக்கும் வேர்க்கட்டை போய்விடும், கையால்தான் எடுக்க வேண்டும். சரி, வெளியே சொன்னால் என்ன? இரண்டு வருஷத்துக்கு முன் ஊர்க் காய்கறிக் கண்காட்சிக்கு முந்தின நாள் அவர்கள் போட்டிக்கென்று வளர்த்த லீக் வெங்காயத் தாள்கள் அத்தனையையும் எவனோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். வில்ஃப் படுக்கையில் கிடந்த நேரம் அது. அன்றிலிருந்து தெல்மா வாயைத் திறப்பதில்லை. அந்த மேட்டில் ஒரு பெயர்க் குச்சிகூடச் செருகவில்லை. தழைத்து நின்றபோதும் அது களையோடு களையாகத்தான் தெரிந்தது. பக்கத்துத் துண்டு கத்பர்ட் ரெய்ன் நல்ல மனுஷர், தங்கமான மனுஷர், ஆனால் ஓட்டை வாய். அவரிடம் காலையில் சொன்னால் மத்தியானம் கிளப்பில் பீர் ஊற்றுகிறவனுக்குத் தெரிந்திருக்கும்.

புனித வெள்ளியன்று நாற்பது துண்டுக்காரர்களும் உருளை நட வருவார்கள். அன்றைக்குத்தான் சங்கச் செயலாளர் மார்ஜரி தெல்மாவின் கையில் ஒரு கவரை வைத்தாள்.

"கோச்சுக்காத தெல்மா. நான் எழுதல, கமிட்டி எழுதச் சொல்லிச்சு. மே மாசம் முதல் ஞாயித்துக்கிழமை பாக்க வருவாங்க. அதுக்குள்ள கொத்திடு."

"முக்காத் துண்டையுமா? மூணு வாரத்துலயா? நான் என்ன எருதா மார்ஜரி?"

"யாரையாவது ஒத்தாசைக்குக் கூப்பிடேன். வாய விட்டுக் கேட்டாத்தானே வருவாங்க?"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்பர்ட் எட்டிப் பார்த்தார்.

"எதுக்குக் கண்ணு மூணு வாரம்? என்கிட்ட ரொட்டவேட்டர் இருக்கு. அரை மணி நேரத்துல பொடி பண்ணித் தர்றேன்."

அந்த உழவு மெஷின் வில்ஃப்புடையது. இனிமேல் தன்னால் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் வில்ஃப்தான் அதைக் கத்பர்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

"வேணவே வேணாம். வேர்ப்புல்லுல அத விட்டா ஒரு வேரு நூறு வேராகும். ஜூன்ல புல்வெளியாத்தான் நிக்கும்."

"ஜூன்ல மொளைக்கிறத ஜூன்ல பாத்துக்கலாம். பாக்க வர்றவங்க மேயிலதானே வர்றாங்க!"

"மெஷின இந்தப் பக்கம் கொண்டுவந்தீங்க, மண்வெட்டியாலயே போடுவேன் கத்பர்ட்."

எல்லோரும் சிரித்தார்கள். தெல்மாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறையில் அழுதுகொள்ளலாம் என்று வழியில் தீர்மானித்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் அதற்கும் தெம்பில்லாமல் விட்டுவிட்டாள்.

மூன்று வாரமும் கொத்தினாள். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை முடிந்தால் அதிசயம். முதுகு கழன்றுவிடும் போலிருந்தது. இல்லத்தில் ஒரு கிழவரைத் தூக்கிவிடக் குனிந்தபோது, அவர் இவளைத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. பாதித் துண்டு முடிந்திருந்தது. முக்காலுக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது.

பார்வையிடும் ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை, மேட்டில் புல்லை விலக்கியபோது அவள் கை அப்படியே நின்றது. ஊதா நிறத்தில் ஒரு மூக்கு. பக்கத்தில் இன்னொன்று. எண்ணினாள், பதினொன்று. சில கட்டைவிரல் உயரமே வந்திருந்தன. தெல்மா மண்டியிட்டபடியே சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பிடுங்கிப்போட்ட புல்லை அள்ளி அவற்றின் மேல் போட்டு, ஒருத்தர் கண்ணிலும் படாதபடி மூடினாள். மூடும்போது வாயெல்லாம் பல்.

வீட்டில் வில்ஃப் கையைத் தூக்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

"வந்துடுச்சு!"

வில்ஃப் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எப்ப?" என்றார்.

"சனிக்கிழமை வெட்டிடறேன். முட்டையோட செய்றேன், போதுமா?"

"வெண்ணெ," என்றார் வில்ஃப். "நெறய."

சனிக்கிழமை இல்லத்தில் இரண்டு மணி வேலைக்கு வரவேண்டியவளுக்குக் காய்ச்சல். தெல்மா இரண்டு மணிக்குக் கிளம்ப முடியவில்லை. வில்ஃப்புக்குச் சாப்பாடு வைக்கும்படி பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டாள். நாலரைக்கு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே துண்டுக்குப் போனாள். பைக்குள் துணியில் சுற்றிய கத்தி இருந்தது.

வேலிக்கதவருகே கத்பர்ட், மார்ஜரி, இன்னும் மூன்று நாலு பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோர் முகத்திலும் கல்யாண வீட்டுச் சிரிப்பு. கத்பர்ட் தொப்பியைக் கழற்றி, வேலிக்கதவைத் திறந்துவிட்டார்.

பதினேழாம் துண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சீவி வாரிய தலை போல இருந்தது. ஒரு புல் இல்லை. ஈர மண் பொலபொலவென்று கிடந்தது. மேடு இருந்த இடமும் சமதளம்.

தெல்மா கொல்லைக்கோடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ வேணான்னுதான் சொல்லுவ, எனக்குத் தெரியாதா? அதான் நீ இல்லாத நேரமாப் பாத்து முடிச்சிட்டோம்," என்றார் கத்பர்ட். "நாளைக்கு வர்றவங்க வாயடைச்சு நிக்கணும்."

"எல்லாத்தையுமா?" என்று கேட்டாள்.

"ஒரு மூலை விடல கண்ணு! நீ முள்கரண்டியால பாடுபட்டியே, அந்த மேட்ட மட்டும் மூணு தடவ ஓட்டினேன். யப்பா, என்னா வேரு! கயிறு கயிறா வருது, மெஷினே தெணறிப்போச்சு. இனிமே அந்தச் சனியன் உனக்குத் தொல்ல குடுக்காது."

மார்ஜரி அவள் தோளைத் தொட்டாள். "துண்டு உனக்குத்தான். இனிமே நிம்மதியாத் தூங்கு."

அவர்கள் மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வேலை செய்திருந்தார்கள். கத்பர்ட்டுக்கு எழுபத்தொரு வயது, மெஷினைப் பிடித்துப் பிடித்துக் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. இவர்களை என்ன சொல்லித் திட்டுவது? தெல்மா நன்றி சொன்னாள். கொட்டகையைத் திறந்து எல்லோருக்கும் டீ போட்டாள். நல்ல டீ என்றார்கள். ஒரு வழியாகக் கிளம்பிப் போனார்கள்.

அவள் கொல்லைக்கோடியில் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் துழாவினாள். வெள்ளைக் கயிறு போன்ற வேர்கள் அறுந்து அறுந்து வந்தன. ஊதா மூக்கு ஒன்று வந்தது. பாதி வெட்டுப்பட்ட தண்டு ஒன்று வந்தது. "படுபாவி, படுபாவி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரைச் சொல்கிறாள் என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஒரு குச்சி நட்டிருக்கலாம். கத்பர்ட்டின் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். முகம் தெரியாத திருடனுக்குப் பயந்து, தெரிந்த மனுஷர்களிடம் மறைத்தாள். போதாக்குறைக்குத் தானே அள்ளி மூடியும் வைத்தாள். வாய்விட்டு அழுதாள். ராபின் மட்டும் பொடித்த மண்ணில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது, அதற்குக் கொண்டாட்டம்தான்.

கிடைத்ததைப் பொறுக்கித் துணியில் கட்டிக்கொண்டாள். எல்லாம் விரல் நீளத் துண்டுகள், எண்ணினால் பதினைந்து இருக்கும். கத்தியை எடுக்கவே இல்லை.

வீட்டில் அவற்றை நாலு தண்ணீரில் கழுவினாள். வெண்ணெயைத் தாராளமாகப் போட்டு, முட்டை வைத்து, வில்ஃப்பின் முன்னால் தட்டை வைத்தாள். வில்ஃப் இடது கையில் முள்கரண்டியை எடுத்து ஒரு துண்டைக் குத்தி, வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"ஏன்... பொடிப்பொடியா?" என்றார்.

எப்படி மறைப்பது? மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும்.

"கத்பர்ட் ஓட்டிட்டாரு வில்ஃப். துண்டு முழுக்க. எனக்கு ஒத்தாசை பண்றதா நெனச்சு ஓட்டிட்டாரு. ஒரு வேர்க்கட்டகூட மிச்சமில்ல."

"எதால?"

"உன் மெஷினாலதான்."

வில்ஃப்பின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலி வந்துவிட்டதோ என்று அவள் பதறி எழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தார். அடங்கியதும் இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு வருஷம். மறுபடி."

தெல்மாவுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "மூணு வருஷமா? உனக்கு எழுபத்திரண்டாகுது. மூணு வருஷம் நீ இருப்பியாய்யா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வில்ஃப் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுடைய கையைப் பார்த்தார். நகத்துக்குள் கறுப்பு மண், விரல் கணுவெல்லாம் வீக்கம், மணிக்கட்டில் இல்லத்துக் கிழவர் யாரோ பிடித்த தடம்.

"நான் கெடக்கேன்," என்றார் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "நீ இருப்பியா?"

அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"மாட்டேன் வில்ஃப்," என்றாள். "இப்படியே போனா நான் இருக்கமாட்டேன். ஓஞ்சுபோயிட்டேன். என்னால முடியல."

வில்ஃப் தலையாட்டினார். வார்த்தையைத் தேடினார், கிடைக்க நேரமாயிற்று.

"அப்ப... கத்பர்ட்ட சொல்லு. புது வேருக்கு... குழி அவன் தோண்டட்டும்."

"சொன்னா மனுஷன் அழுதுருவாரே."

"அழட்டும். அழுதுட்டு... தோண்டட்டும்."

அவர் தட்டை இடது கையால் அவள் பக்கம் தள்ளினார். பாதி மிச்சமிருந்தது. தெல்மா கையாலேயே எடுத்துச் சாப்பிட்டாள். மூன்று வசந்தம் காத்திருந்த ருசி அதில் இருக்கத்தான் செய்தது, பட்டாணி மாதிரி இனிப்பாக, புல் வாசனையோடு. நாலு தண்ணீர் விட்டும் போகாத மண் பல்லில் நறநறவென்று கடிபட்டது.

"மண்ணு," என்றாள்.

"நம்ம மண்ணு," என்றார் வில்ஃப்.

தட்டைக் கழுவ வேண்டும், அவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், கத்பர்ட்டுக்குப் போன் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் நாற்காலியில் சாய்ந்தாள். வெளியே வெயில் இன்னும் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள். வில்ஃப் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, இடது கையால் போனை எடுத்து, தானே கத்பர்ட்டின் நம்பரைப் போட்டார்.