அடக்கிய இருமல்

எங்கள் தொகுதி உறுப்பினர் ஒய்பி நாடாளுமன்றத்தில் எழுந்து கேள்வி கேட்டால் போதும், மறுவாரமே மனைவிக்குக் குடியுரிமை வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். தலை நரைத்த வயதில்.

அவள் பிறந்தது ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அதனால் இன்றுவரை சிவப்பு ஐசி அட்டைதான்: இந்த நாட்டில் குடியிருக்கலாம், ஓட்டுப் போட முடியாது. தேர்தலன்று நான் வாக்குச்சாவடிக்குள் போய் விரலில் மை வைத்துக்கொண்டு வருவேன். அவள் பள்ளிக்கூட வாசலில் என் குடையோடு நிற்பாள்.

ஒய்பியின் உதவியாளர் போன் செய்தார். “அங்கிள், ஆன்டி மாதிரி ஆளுங்களப் பத்தி நாளைக்கு ஒய்பி கேள்வி கேக்குறாரு. வந்து பாருங்க.”

அவ்வளவுதான், எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அமைச்சர் மேலே பார்வையாளர் பக்கம் பார்த்து, ‘புருஷன் யார்?’ என்று கேட்டுவிட்டால்? கண்ணாடி முன் நின்று மலாயில் ஒத்திகை பார்த்தேன்.

“ஒங்கள யாரு கேக்கப் போறா? போய் சும்மா ஒக்காந்துட்டு வாங்க லா” என்றாள் மனைவி. சட்டையை மட்டும் இரண்டு தடவை தேய்த்துக் கொடுத்தாள்.

பார்வையாளர் மாடத்தில் சத்தம் கூடாது என்றார் காவலர். உடனே எனக்கு இருமல் வந்தது. இருமினால் சபையை அவமதித்ததாகப் பிடித்துப் போவார்கள் என்று பயந்து, கண்ணில் தண்ணீர் வர விழுங்கினேன்.

கீழே பாதி நாற்காலிகள் காலி. முந்தின கேள்வியின்போது ஒருவர் இன்னொருவரை மிருகத்தின் பெயர் சொல்லித் திட்டினார். “சொன்னதத் திரும்ப வாங்கு!” என்று திட்டு வாங்கியவர் கத்தினார். யார் முதலில் திட்டியது என்பதில் ஒரு வாக்குவாதம். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். கொட்டாவி விட்டவரும் சிரித்தார். சட்டம் செய்யவும் அமைச்சரைக் கேள்வி கேட்கவும் நாங்கள் அனுப்பிவைத்த ஆட்கள்! மீன் பாசாரில்கூட வியாபாரம் நடக்கும். நான் போய் இருமலை அடக்கிக்கொண்டிருக்கிறேன்!

அடுத்தது எங்கள் கேள்வி. ஒய்பி எழுந்தார். கேள்வி நேரம் முடிந்தது என்றார் சபாநாயகர். ஒய்பி உட்கார்ந்தார்.

வெளியே உதவியாளர் சமாதானம் சொன்னார். “பரவால்ல அங்கிள், எழுத்துல பதில் குடுப்பாங்க.”

“அவங்க எழுத்துல திட்டிக்கிட்டு, எங்களுக்கு வாயால பதில் சொல்லியிருக்கலாமே, தம்பி.”

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள், “என்னா சொன்னாங்க?”

“நேரமாயிருச்சின்னாங்க.”

எழுத்தில் பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது. அதன்பின் ஒரு தேர்தலும் வந்தது. அவள் குடையோடு வாசலில் நின்றாள்.