சின்னம்மா கொண்டுவந்த லில்லி

எங்கள் சின்னம்மா மைசூர்ச் சீமைப் பெண். கெலமங்கலத்துக்கு வாழ வந்து, இரண்டாவது பிள்ளையும் வயிற்றில் தங்காமல் போன வருஷம், ஆடிக்குத் தாய்வீடு போனவள் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கிழங்கோடு திரும்பி, அதைக் கொல்லையில் நட்டாள். லில்லியாம். காலையில் விரிகிற பூ பொழுது சாய்ந்தால் வாடிவிடுமாம். மறுநாள் அதே தண்டில் இன்னொன்று விரியுமாம்.

“ஒரு பகலுக்கு மேல நிக்காத பூவுக்கா இந்தப் பாடு?” என்றார் சித்தப்பா.

சின்னம்மா சிரிக்கவில்லை. தாய்வீட்டுக் கிணற்றடியில் அது முதன்முதலாகப் பூத்த வருஷம்தான் அவள் பிறந்தாளாம். இங்கேயும் பூத்தால் தன் வயிற்றிலும் ஒன்று தங்கும் என்று நம்பினாள். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

கார்த்திகையில் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். மார்கழிப் பனியில் லில்லி இலைகள் பழுத்து, வைக்கோலாய்த் தரையில் படிந்தன. சின்னம்மா கொல்லைப் பக்கம் வந்தாலே அம்மா முந்தானையை விரித்துக்கொண்டு செடிக்கு முன்னால் போய் நிற்பாள். “பனி கொட்டுதும்மா, உள்ள போ.”

மாசியில் கத்திமுனை போலப் பச்சை எட்டிப் பார்த்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டுக்கிடை போட்டு ராகி விளைவித்த கை அல்லவா? கூடை கூடையாக ஆட்டுப் புழுக்கையைக் கொண்டுவந்து செடியைச் சுற்றிக் குவித்தாள். இலைகள் முழங்கால் உயரம் கறுகறுவென்று எழும்பின. எங்கள் பசுமாடு கயிற்றை இழுத்துக்கொண்டு அதையே பார்த்தது. தின்ற உரமெல்லாம் இலைக்கே போக, பூத்தண்டு மட்டும் வரவே இல்லை.

சித்திரை போய் வைகாசி வந்தது. எட்டாம் மாத வயிற்றோடு சின்னம்மாவால் குனிய முடியாது. தினமும் நான்தான் இலைகளை விலக்கிப் பார்ப்பேன்.

“புட்டி, தண்டு வந்துதா?” குட்டிப்பெண்ணைக் கன்னடத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“இல்ல சின்னம்மா.”

“நல்லா பாத்தியா?”

சரியான பதில் எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பதுபோல ஒரு பயம் வரும். அவள் உள்ளே போய்த் தட்டில் பாதிக் களியை மீதி வைத்துவிடுவாள்.

ஒருநாள் வெங்காய விதை வாங்க என்று அப்பா பெங்களூர் பஸ் ஏறினார். சாயங்காலம் அம்மா சின்னம்மாவை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனதும், ஒரு சாக்குமூட்டை வந்து இறங்கியது. உள்ளே மொட்டுவிட்ட லில்லி. சித்தப்பா பழைய செடியைப் பெயர்த்தார்; அப்பா புதியதை நட்டு, புழுக்கையைத் திரும்ப மேலே பரப்பினார். நான் வாசலில் காவல்.

“வாயத் தொறந்த, தோலை உரிச்சிடுவேன்,” என்றார் அப்பா. என் வாயின் பெருமை அப்படி.

விடிந்ததும் பூ விரிந்திருந்தது. செங்கல் நிறம். தாய்வீட்டு லில்லி எலுமிச்சை மஞ்சள் என்று சின்னம்மா என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். லில்லியில் பல நிறம் உண்டென்று அந்த ஆண்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

சின்னம்மா வந்தாள். வெகுநேரம் பூவைப் பார்த்தாள். கால் பெருவிரலால் மண்ணை அழுத்தினாள். பொதபொதவென்று உள்ளே இறங்கியது. திரும்பிப் பார்த்தாள். அப்பா மாட்டின் பல்லை ஆராய்ந்துகொண்டிருந்தார். சித்தப்பா வானத்தை ஆராய்ந்தார். அம்மா வெறும் குண்டானைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா! பூத்துடுச்சி, ஓடி வாங்க!” என்று கத்தினாள் சின்னம்மா. அம்மா அழுதேவிட்டாள். அன்று சின்னம்மா இரண்டு உருண்டை களி சாப்பிட்டாள்.

சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. “உங்க வீட்டுது மஞ்சள்னு சொன்னியே சின்னம்மா?”

“மஞ்சளா? நானா?” என்று என் தலையைக் கோதினாள். “மறந்தே போச்சி புட்டி.”

ஆனியில் தங்கச்சி பிறந்தாள். வீடே நிம்மதியாகத் தூங்கியது, என்னைத் தவிர. பிறந்த வீட்டுப் பூவின் நிறத்தையே மறந்தவள் பிள்ளையையும் எங்கேயாவது மறந்து வைத்துவிடுவாளோ என்று, அந்தத் தூளியின் பக்கத்தைவிட்டு நான் நகரவே இல்லை.