கடைசிப் பக்கத்தில் நாலு வட்டம்

வாடகை நூலகம் நடத்துகிறவனுக்குப் புத்தகம் படிக்க மட்டும் நேரம் இருக்காது. நடத்தி நொந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. விஷ்ராந்த்வாடியில் என் வீட்டு முன்னறைதான் நூலகம். அலமாரி நிறையத் துப்பறியும் நாவல்கள்.

முடித்ததற்கு அடையாளம்

படித்ததையே மறுபடி எடுத்துப் போகாமலிருக்க, வாசகர்கள் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு பென்சில் குறி போடுவார்கள். திட்டிப் பார்த்து விட்டுவிட்டேன். ராஜாமணி சாரின் குறி, வட்டத்துக்குள் ஒரு டிக். போசரியில் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர். அங்கே போட்ட குறியையே இங்கேயும் போட்டார். யாரும் மதிக்காத ஒரு ஆள் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கதைதான் அவருக்கு வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

"முப்பது வருஷம் என்னையும் எவனும் கண்டுக்கல. அந்த ஆளு ஜெயிச்சா எனக்கு ஒரு சந்தோஷம்."

மூன்றாம் அத்தியாயம்

நூலகத்தைப் பெருக்க வரும் செல்வி புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் படம் பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கிண்டலாக, கொலையாளி யாரென்று கேட்டேன். மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டதாகச் சொல்லிப் பெயரையும் சொன்னாள். கடைசி அத்தியாயத்தைப் பார்த்தேன், அவனேதான். எப்படி என்றேன்.

"வேலைக்காரி முன்னாடியே போன் பேசறான்ணா. எங்க முன்னாடி எதையும் பேசலாம்னுதானே எல்லாரும் நெனைக்கிறாங்க."

நாலு வட்டம்

அந்தச் செல்விதான் ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். நாலு வட்டம், நாலிலும் டிக். இரண்டே மாதத்தில் ராஜாமணி சார் அதை நாலு தடவை எடுத்துப் போயிருந்தார். ஒவ்வொரு தடவையும் கொலையாளியை யூகிக்கவே முடியவில்லை என்று பாராட்டினார். நானும் பூரித்துப் போனேன்.

"சாருக்கு மறந்து போகுதுண்ணா. தனியா ஸ்கூட்டர்ல வர்றாரு, அவர் மககிட்ட சொல்லுங்க."

ஐந்தாம் தடவை

சொன்னேன். டாக்டரும் ஞாபக மறதி நோய் என்றுதான் சொன்னார். ஸ்கூட்டர் சாவியை மகள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

போன சனிக்கிழமை மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதே நாவலை எடுத்தார். கடைசிப் பக்கத்து வட்டங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நம்ம ஃபாக்டரி ஆளு எவனோ படிச்சிருக்கான். கொலையாளி யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

இத்தனை துப்பறியும் கதைகளை வாடகைக்கு விட்டும் எனக்கு வாய்த்தது, எல்லாம் முடிந்தபின் ஜீப்பில் வந்து இறங்குகிற அந்த இன்ஸ்பெக்டர் வேஷம்தான்.