எட்டு நாள் காப்பும் பால் இல்லாத தேத்தண்ணியும்

எதிரே வந்த சைக்கிள்காரர் எனக்கு ரெண்டு பேராத் தெரிஞ்சாரு.

ஹுன்னஸ்கிரியவில இருந்து கண்டிக்கு இறங்குற காலை பஸ். நான்தான் டிரைவர். இருபத்திநாலு வருசமா அதே ரோடு. ஒவ்வொரு வளைவும் கைக்குத் தெரியும். அன்னைக்குக் கண்ணுக்குத் தெரியல. எது நிஜச் சைக்கிள்னு யோசிச்சு முடிக்க முன்னமே பிரேக் அடிச்சேன். நின்னுக்கிட்டு வந்தவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தாங்க. சைக்கிள்காரர் பயந்து ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள இறங்கிட்டாரு. பாண் ரொட்டி விக்கிறவர். பாண் எல்லாம் ரோட்டில. ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. சிங்களத்தில நல்லா ஏசினாரு. கேட்டுக்கிட்டு நின்னேன். ஏசுறதுக்கு ஆள் உசிரோட இருந்தாரே, அது போதும்.

பஸ்ஸை ஓரம் கட்டினேன். சனத்தை அடுத்த பஸ்ஸில ஏத்தி விட்டோம். சாவியைக் கண்டக்டர் நஸீர் கையில குடுத்தேன்.

"என்னண்ணே இது?"

"இனி நான் ஓட்ட மாட்டேன்."

நஸீர் வாயை மூடி நான் பாத்ததில்ல. அன்னைக்கு மூடினான்.

இது போன கார்த்திகையில நடந்தது. மாரியம்மாவைக் கும்பிடுற நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு எழுதுறேன். எனக்கு வந்த வருத்தம் உங்கள்ல நிறையப் பேருக்கு இருக்கு.

சீனி வருத்தம், அதான் நீரிழிவு. அதோட பிரஷர். ஏழு வருசமா இருக்கு. எப்படி வந்துச்சுன்னும் சொல்லணும். எங்க ரோட்டில ஒரு வழக்கம். பஸ்ஸை எந்த ஹோட்டல்ல சாப்பாட்டுக்கு நிப்பாட்டுறமோ, அங்க டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா. சனத்தைக் கொண்டு வந்து இறக்குறோமே, அதுக்கு. டிரைவர் தட்டுன்னு தனியா ஒண்ணு வரும். சோறு மலை மாதிரி. கோழியில பெரிய துண்டு. அதுக்கு மேல பொரிச்ச முட்டை. கடைசியில ஆடை மிதக்குற பால் தேத்தண்ணி, மூணு கரண்டி சீனி போட்டு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. வேணாம்னு சொன்னா கடைக்காரர் முகம் வாடும். வேற கடைக்குப் போகப் போறான்னு நினைப்பாரு. அதுக்காகத் தின்னேன். அம்மனைப் பத்தி எழுதுற இடத்தில பொய் சொல்லக் கூடாது. ருசிக்காகவும் தின்னேன்.

கண்டி பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன். அங்க ஒரு டொக்டர் அம்மா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ரத்தம் பாத்தாங்க. கண்ணைப் பாத்தாங்க.

"ஐயா, சீனி இறங்கேல்லை எண்டால் கண் இன்னும் மங்கும். இறங்கினால் தெளியச் சந்தர்ப்பம் இருக்கு. அதுவரைக்கும் பஸ் ஓட்டக் கூடாது. இறைச்சி, பொரியல், சீனி எல்லாத்தையும் குறையுங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனான்?"

"மூணு தரம்."

"எண்ணி வச்சிருக்கிறீங்கள். செய்யேல்லை."

மருந்துத் துண்டை வாங்கிக்கிட்டு வெளியில வந்தேன்.

பஸ் முதலாளி நல்ல மனுசன். டொக்டர் கடிதம் கொண்டு வந்தா பஸ் உனக்கு, வெசாக் பண்டிகை வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பேன், அதுக்குப் பிறகு முடியாதுன்னு சொன்னாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. எனக்கு வேற தொழில் தெரியாது. நாலாம் வகுப்பு. கையில ஸ்டீரிங் இல்லன்னா நான் யாருன்னு எனக்கே தெரியல.

தெல்தெனியாவில எங்க வீடு. பெண்சாதி புஷ்பம் வீட்டிலயே தையல் தைக்கிறவ. நான் கதிரையைப் போட்டு வாசல்ல இருப்பேன். எங்க பஸ் ஹோன் அடிச்சுக்கிட்டுப் போகும். ஓட்டுறது வேற ஆள். ஒரு நாள் கதிரையைத் தூக்கி வீட்டுக்குப் பின்னால போட்டேன். புஷ்பம் பாத்தா.

தை மாசம் பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஹுன்னஸ்கிரியவுக்கு மேல நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிப் போனேன். அங்க நம்ம மாரியம்மன் கோயில். திருவிழாவுக்கு இன்னும் எட்டு நாள். யாரும் இல்ல. அம்மாவுக்கு முன்னால நின்னேன். அழுகை வந்துச்சு. அழுதேன்.

"அம்மா, கண்ணைத் தெளிய வை. திரும்ப ஓட்டணும். திருவிழாவில உனக்குப் பால்குடம் எடுக்கிறேன். உன் தலையில பால் ஊத்துற வரைக்கும் எனக்குப் பால் வேணாம். தயிர், நெய் வேணாம். முட்டை வேணாம். மீன், கருவாடு, மாசிக் கருவாட்டுத் தூள், இறைச்சி ஒண்ணும் வேணாம். சீனியும் வேணாம்."

என் ஆயுசில ஒரே மூச்சில அவ்வளவு கதைச்சது அன்னைக்குத்தான்.

பூசாரி ராமையா வந்தாரு. காப்பு கட்டுங்கன்னு கேட்டேன். மஞ்சள் துண்டை நூல்ல கோத்து மணிக்கட்டில கட்டுறது. கட்டினா மீன், இறைச்சின்னு மச்சம் எதுவும் கூடாது. கட்டின பூசாரியேதான் திருவிழா முடிஞ்சு அம்மனுக்கு முன்னால அவுக்கணும்.

"கொடி ஏத்துற அன்னைக்குத்தானே எல்லாருக்கும் கட்டுவோம். இப்ப என்ன அவசரம்?"

"எனக்கு இருக்கு. கட்டுங்க."

"விரதம் கூடிப் போகுமே."

"எட்டு நாள்தானே."

கட்டிட்டாரு. நான் விட்ட பிழை அதுதான்.

நாலு நாள் போச்சு. மழை பிடிச்சுச்சு. மண் சரிஞ்சு தோட்டத்து ரோடு மூடிப் போச்சு. கோயில் படிக்கட்டில பாதி கீழே போயிருச்சு. உசிர்ச் சேதம் இல்ல, அது அம்மா காவல். திருவிழாவை மாசிக்குத் தள்ளினாங்க. மாசியில பூசாரியோட அண்ணன் மோசம் போயிட்டாரு. சாவுத் தீட்டு. பங்குனிக்குத் தள்ளினாங்க. பங்குனியில படிக்கட்டு வேலை முடியல. இப்படியே தள்ளித் தள்ளி வைகாசின்னு சொல்லிட்டாங்க.

வேற யாருக்கும் கவலை இல்ல. காப்பு கட்டின ஒரே ஆள் நான்.

பூசாரிக்குப் போன் எடுத்தேன். "அவுத்துடலாமா?"

"நான் கட்டினது திருவிழா வரைக்கும். அம்மாதான் தள்ளிக்கிட்டே போறா. நான் எப்படி அவுக்கிறது? அவளையே கேளு."

கேட்டேன். பதில் இல்ல. சரின்னு விட்டேன்.

புஷ்பம்தான் ஏசினா. "வேண்டுறவங்க ஒரு கோழியை விடுவாங்க, ஒரு மீனை விடுவாங்க. நீங்க சந்தையையே விட்டுட்டு வந்திருக்கீங்க. இனி நான் என்னத்தை ஆக்குறது?"

ஆனா ஆக்கினா. கேழ்வரகுக் குரக்கன் ரொட்டி. கடலை. பாசிப்பயறு. பருப்பு. கங்குன் கீரை. வல்லாரைச் சம்பல். பலாப்பிஞ்சு கறி. வெள்ளைச் சோறு குறைஞ்சு சிவப்பரிசிச் சோறு வந்துச்சு. அதுவும் ஒரு கோப்பைதான். முதல் ரெண்டு வாரம் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்ல. தலை இடிச்சுச்சு. பால் தேத்தண்ணிக்கு நாக்கு அலைஞ்சுச்சு. பால் இல்லாமச் சும்மா பிளேன்டீ, ஒரு இஞ்சித் துண்டைத் தட்டிப் போட்டுக் குடிச்சேன். மாசித் தூள் போடாத சம்பல் இந்த நாட்டில கிடைக்காதுன்னும் அப்பத்தான் தெரிஞ்சுச்சு. ஒரு நாள் கடையில ரொட்டியோட சம்பலை வாயில வச்சுட்டேன். மாசி. துப்பிட்டு வாயைக் கழுவினேன். தெரியாம நடந்துச்சு தாயேன்னு சொன்னேன். அதுக்குப் பிறகு வீட்டுச் சம்பல்தான். தேசிக்காய்ப் புளி விட்டு அவ இடிச்சா. மாசி இல்லாமலும் சம்பல் சம்பல்தான்.

நோம்பு மாசத்தில நஸீர் வீட்டுக்கு வந்தான். கையில கஞ்சிப் பாத்திரம்.

"பயப்படாதீங்கண்ணே. இறைச்சி போடல. உங்களுக்குன்னு உம்மா தனிச் சட்டியில காய்ச்சினாங்க." கையைப் பிடிச்சுக் காப்பைப் பாத்தான். "இன்னும் இருக்கா? எங்க நோம்பு பொழுது பட்டா தொறந்துரும். உங்க நோம்புக்குப் பொழுதே படாதா?"

புஷ்பம் சிரிச்சா. ரெண்டு மாசத்துக்குப் பிறகு அவ சிரிச்சதை அன்னைக்குத்தான் கேட்டேன்.

அந்த நேரமே உடம்பில ஏதோ நடந்துக்கிட்டு இருந்துச்சு. நான் கவனிக்கல. பெல்ட்டில புது ஓட்டை போட வேண்டி வந்துச்சு. கால் எரியிறது குறைஞ்சுச்சு. தண்ணித் தாகம் குறைஞ்சுச்சு. சாப்பிட்ட உடனே கண்ணைச் சொக்கும், அது இல்ல. சும்மா இருக்க முடியாம நடக்கத் தொடங்கினேன். ஆத்துப் பாலம் வரைக்கும் போய் வருவேன். மருந்துக் குளிசையை ஒரு நாளும் விடல. அதையும் எழுதி வைக்கிறேன்.

சித்திரை வருசம் பிறந்து மூணாம் நாள். புஷ்பம் ஜன்னல் பக்கம் இருந்து ஊசியில நூல் கோக்கப் பாக்குறா. முடியல. அவளுக்கும் வயசாகுது. நூலை நாக்கில வச்சு நனைக்கிறா, திரும்பப் பாக்குறா. கொண்டான்னு வாங்கினேன். கோத்தேன். குடுத்தேன்.

அவ வாங்கல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.

அப்பத்தான் எனக்கும் விளங்கிச்சு. ஊசி ஒண்ணுதான் தெரிஞ்சுச்சு. ரெண்டு இல்ல.

"இன்னொண்ணு கோங்க"ன்னா. கோத்தேன். "இன்னொண்ணு." அதையும் கோத்தேன். வீட்டில இருந்த எல்லா ஊசியையும் எடுத்துக்கிட்டு வந்துட்டா. ஏழு ஊசி. ஏழையும் கோத்தேன். அவ அழுதா, நான் சிரிச்சேன். எங்க வீட்டில எப்பவும் மாறித்தான் நடக்கும்.

கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் அம்மா ரிப்போட்டைப் பாத்தாங்க. பேரைச் சரி பாத்தாங்க. திரும்ப ரிப்போட்டைப் பாத்தாங்க.

"என்ன செய்தனீங்கள்?"

கையைக் காட்டினேன். கதையைப் புஷ்பம் சொன்னா. எனக்கு அவ்வளவு வராது. டொக்டர் அம்மா கதிரையில சாய்ஞ்சு சிரிச்சாங்க.

"நான் மூண்டு தரம் சொல்லிக் கேக்கேல்லை. ஒரு நூல் சொல்லக் கேட்டிட்டீங்கள்."

பிரஷரும் இறங்கி இருந்துச்சு. ஒரு குளிசையைப் பாதியாக் குறைச்சாங்க. மத்ததை விடக் கூடாதுன்னாங்க. "பாலும் இல்லை, முட்டையும் இல்லை எண்டால் ஒரு விற்றமின் குறையும் ஐயா. அதுக்கு இதையும் போடுங்கோ"ன்னு புதுசா ஒண்ணு எழுதினாங்க. எல்லாருக்கும் என்னைப் போல நடக்கும்னு சொல்ல ஏலாது, ஆனா சாப்பாடு நல்ல மருந்துன்னாங்க. கண் டொக்டர்கிட்ட அனுப்பினாங்க. அவரும் பாத்துட்டுச் சரின்னாரு. வெசாக்குக்குப் பத்து நாள் இருக்க, ஓட்டலாம்னு கடிதம் கையில வந்துச்சு.

பஸ்ஸில திரும்பி வரையில யோசிச்சேன். டொக்டர் சொன்னதும் அம்மா செய்ய வச்சதும் ஒண்ணேதான். சொன்னப்ப நான் கேக்கல. அதனால அம்மா கட்டிப் போட்டாங்க. எட்டே நாள்ல திருவிழா நடந்திருந்தா, ஒன்பதாம் நாள் நான் ஹோட்டல்ல டிரைவர் தட்டோட இருந்திருப்பேன். கண் போயிருக்கும். திருவிழா தள்ளிப் போகப் போக எனக்குக் கோவம் வந்துச்சு. நான் கேட்டதைத்தான் அம்மா குடுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தெரியல.

வைகாசியில திருவிழா நடந்துச்சு. புதுப் படிக்கட்டில பால்குடம் தூக்கிட்டு ஏறினேன். மூச்சு வாங்கல. அம்மா தலையில ஊத்தினேன். நன்றின்னு ஒரு சொல்தான் வந்துச்சு. பூசாரி நூலை அவுத்தாரு. மஞ்சள் கறுத்துப் போயிருந்துச்சு.

"அம்மாவைக் கேட்டியா, செல்லையா?"

"கேட்டேன். இப்பத்தான் பதில் விளங்கிச்சு."

மறுநாள் மஞ்சத்தண்ணி விளையாட்டு முடிஞ்சு எல்லா லயத்து வீட்டிலயும் கறி ஆக்குவாங்க. எங்க தோட்டத்து வழக்கம். என் மச்சான் ஆட்டுக்கறித் தட்டை என் மடியிலயே வச்சுட்டான்.

"தின்னுங்க மச்சான்! காப்புதான் அவுத்தாச்சே!"

"கையிலதான் அவுத்தாரு"ன்னு சொல்லித் தட்டை அவன் மடிக்கு மாத்தினேன்.

யாரையும் குத்தம் சொல்லல. திங்கிறவங்க திங்கட்டும். எனக்கு வேணாம். கோழி, முட்டை, பால் ஒண்ணும் இன்னும் தொடல.

இப்ப அதே பஸ், அதே ரோடு. முதல் நாள் முன் சீட்டில புஷ்பம் இருந்தா. ஒவ்வொரு வளைவுலயும் கம்பியைப் பிடிச்சா. நாலாவது வளைவில கையை எடுத்துட்டா. கொஞ்சத் தூரம் போய்த் தூங்கிட்டா. எனக்கு அது போதும்.

ஹோட்டல்காரருக்குத்தான் கவலை. "டிரைவர் பருப்பும் கீரையும் தின்னா என் கோழியை யார் வாங்குறது?"ன்னாரு. இப்ப பஸ்ஸில வர்ற சீனிக்காரங்க ரெண்டு மூணு பேர் என் தட்டைக் காட்டி, அதுல ஒண்ணு எங்களுக்கும்னு கேக்குறாங்க. நஸீர் அதுக்குப் பேர் வச்சுட்டான், செல்லையா தட்டு. அவன் மட்டும் கோழிதான்.

என்னை மாதிரி வருத்தம் உள்ளவங்க முதல்ல டொக்டர்கிட்ட போங்க. சொல்றதைச் செய்யுங்க. செய்ய மனசு வரலன்னா அம்மாகிட்ட வாங்க. மனசைக் கேளுங்க. குடுப்பாங்க. கேட்ட நாள்ல வரலன்னு சலிக்காதீங்க. தாமதத்திலயும் அவங்க வேலை நடக்கும்.

கோயிலுக்கு வர்றவங்க காலையில கண்டியில இருந்து திரும்புற எங்க பஸ்ஸில ஏறுங்க. மணி அடிக்கத் தேவையில்ல. அம்மன் கோயிலுக்கு ஏறுற பாதைக்கு நேரா நானே நிப்பாட்டுவேன்.